பிக்கப்பின் உயரமும் அப்சோர்பரும்: முதலில் ஸ்பிரிங்கைப் பாருங்கள்

அப்சோர்பர், அதாவது சக்கரத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் அதிர்வு அடக்கி, வண்டியைத் தூக்கிப் பிடிப்பதில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் எந்தப் பட்டறையில் நின்றாலும் காதில் விழும் பேச்சு இதுதான்: "அண்ணே, பின்னாடி உக்காந்துருச்சு, நல்ல அப்சோர்பரா ரெண்டு போட்டு விடுங்க." போட்டும் விடுவார்கள், காசும் போகும், மறுநாள் உரமூட்டை ஏற்றியதும் வண்டி பழையபடி குந்திக்கொள்ளும். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். அந்த ஸ்பிரிங் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்த பிறகும் ஆடிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் அப்சோர்பரின் வேலை. கேஸ் அழுத்தம் அதிகமுள்ள சில அப்சோர்பர்கள் கொஞ்சம் தூக்குவதுபோல் தெரியும், ஆனால் அதை நம்பி யாரும் உயரத்துக்குக் கணக்குப் போடக்கூடாது.

அதனால் கடைக்குப் போவதற்கு முன் உட்கார்ந்து யோசிக்க வேண்டியது ஒன்றுதான்: இந்த வண்டி வழக்கமாக என்ன சுமக்கிறது? வருடத்துக்கு ஒருமுறை வீடு மாற்றுகிறபோது ஏற்றியதைக் கணக்கில் எடுக்காதீர்கள், வாரத்தில் நாலைந்து நாள் ஏற்றுவதைச் சொல்லுங்கள். 50 கிலோ உரமூட்டை 12 என்றால் 600 கிலோ. மருந்தடிக்கிற 400 லிட்டர் டாங்கி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 400 கிலோ, அதோடு பம்பு, ஹோஸ், பின்னால் ஏறி உட்காரும் ஆட்கள். சதுரமாகக் கூண்டு போட்ட 1000 லிட்டர் டாங்கியை முழுக்க நிரப்பி பிக்கப்பில் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள், அது தண்ணீரிலேயே ஒரு டன், எந்த ஸ்பிரிங் போட்டாலும் அது சரியான வேலை இல்லை. முன்பக்கம் இரும்பு பம்பரும், சேற்றில் சிக்கினால் இழுக்கும் வின்ச்சும் மாட்டியிருந்தால் அந்த எடையும் நிரந்தரச் சுமைதான். இன்னொன்று, தடித்த ஸ்பிரிங் போட்டதால் வண்டியின் அனுமதிக்கப்பட்ட எடை கூடிவிடாது; அச்சு, பிரேக், சேசிஸ் எல்லாம் பழையதுதானே.

அளவு எடுப்பது

டேப்பை எடுத்துத் தரையிலிருந்து ஃபெண்டர் வரை அளக்கிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். டயர் தேய்ந்திருந்தால் ஒரு அளவு, காற்று குறைந்திருந்தால் இன்னொரு அளவு வரும். சக்கரத்தின் நடுமையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளந்தால் டயருக்கும் அந்த அளவுக்கும் சம்பந்தம் இருக்காது. சமதரையில் நிறுத்தி, கொஞ்சம் முன்னும் பின்னும் ஓட்டி நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போடாமல் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, நாலு மூலையிலும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். வெறும் வண்டியில் ஒரு முறை, வழக்கமான சுமையோடு ஒரு முறை. வலதுபக்கம், அதாவது டிரைவர் பக்கம், சில மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் கவலைப்பட வேண்டாம். 15, 20 மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் ஏதோ ஒரு ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது, அல்லது பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்கில் ஒரு பட்டை உடைந்திருக்கிறது.

வெறும் பிக்கப் முன்பக்கம் தாழ்ந்தும் பின்பக்கம் உயர்ந்தும் நிற்பது கோளாறு இல்லை. சுமை ஏறினால் பின்பக்கம் இறங்கிச் சமமாக வேண்டும் என்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். நம் பையன்கள் அதைப் பார்த்து "மூக்கு தொங்குது" என்று முன்னால் மட்டும் தூக்கிவிடுகிறார்கள், அப்புறம் பின்னால் ஏற்றியதும் வண்டி வானத்தைப் பார்க்கிறது, ஹெட்லைட் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கிறது, ஸ்டீயரிங் பிடி இல்லாமல் லேசாகிவிடுகிறது.

முன்பக்கம்

முன்பக்கம் என்ன மாதிரி ஸ்பிரிங் என்று முதலில் குனிந்து பாருங்கள். தோட்டத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் பழைய வண்டிகளில், 2005-க்கு முந்தைய நான்கு சக்கர ஹைலக்ஸ், 2012-க்கு முந்தைய டி-மேக்ஸ், பழைய ஸ்டோர்ம், டி6 என்ற தலைமுறை வருவதற்கு முந்தைய ஃபோர்டு ரேஞ்சர், நிசான் ஃப்ரண்டியர் இவற்றில் எல்லாம், முன்பக்கம் சுருள் இருக்காது. சக்கரத்தைச் சேசிஸோடு பிணைக்கும் கீழ்க்கையிலோ மேல்கையிலோ தொடங்கிச் சேசிஸ் ஓரமாகப் பின்னோக்கி ஒரு நீளமான இரும்புக் கம்பி ஓடும். அதுதான் டோர்ஷன் பார். அதன் பின்முனையில் ஒரு கொக்கிக் கை, அதில் ஒரு நீள போல்ட். அந்த போல்ட்டை இறுக்கினால் முன்பக்கம் உயரும், தளர்த்தினால் இறங்கும். உயரத்தை ஸ்பேனரை வைத்தே மாற்றலாம் என்பதால் ஆளாளுக்குக் கை வைக்கிற இடமும் இதுதான்.

செய்கிற முறை இது. முன்பக்க இரண்டு சக்கரமும் தரையை விட்டு எழும்படி ஜேக் போட்டு, சேசிஸுக்கு அடியில் ஸ்டாண்டு வையுங்கள். வெறும் ஜேக்கை நம்பி அடியில் போகவே கூடாது. சக்கரம் தொங்கினால் கம்பியில் முறுக்கு குறைந்துவிடும், போல்ட் லேசாகச் சுற்றும். சுமையோடு நிற்கும்போது சுற்றினால் மரை கெட்டுப்போகும், அதுவும் உரம் ஏற்றும் வண்டிகளில் அந்த போல்ட் பெரும்பாலும் துரு பிடித்துக் கிடக்கும். முந்தின நாளே எண்ணெய் அடித்து ஊற வைத்து, கம்பிப் பிரஷால் மரையைத் தேய்த்து, கிரீஸ் தடவிக்கொள்ளுங்கள். போல்ட்டில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டுக்கொண்டு இரண்டு பக்கமும் இரண்டு சுற்று, அதற்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம். இறக்கி, இருபது முப்பது மீட்டர் ஓட்டி, பம்பரை நாலு தடவை அமுக்கி விட்டு, அப்புறம்தான் அளக்க வேண்டும். ஜேக்கிலிருந்து இறக்கிய உடனே அளந்தால் சக்கரங்கள் உள்பக்கமாக மடங்கி நிற்கும், வண்டி உயரமாகத் தெரியும், அந்த அளவு பொய்.

எவ்வளவு தூக்கலாம்? என்னைக் கேட்டால் கம்பெனி அளவுக்கு மேல் 25 முதல் 30 மில்லிமீட்டர், 40-ஐத் தாண்டவே வேண்டாம். பலர் நினைப்பதுபோல் போல்ட்டை இறுக்குவதால் கம்பி கடினமாவதில்லை, அதன் பலம் அதேதான். பிறகு ஏன் வண்டி கல்லுமாதிரி குதிக்கிறது என்றால், மேல்கை ஏற்கெனவே கீழே தொங்கும் எல்லைக்குப் பக்கத்தில் போய்விட்டது, சக்கரம் ஒரு குழியில் இறங்கப் பார்த்தால் இறங்க இடமில்லாமல் ரப்பரில் இடிக்கிறது. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. வண்டி தரையில் நிற்கும்போது மையத்திலிருந்து ஃபெண்டர் வரை ஒரு அளவு, ஜேக் போட்டுச் சக்கரம் முழுக்கத் தொங்கும்போது இன்னொரு அளவு. வித்தியாசம் 50 மில்லிமீட்டருக்குக் கீழே வந்துவிட்டால் அதிகமாகத் தூக்கிவிட்டீர்கள், இறக்குங்கள். அச்சுத்தண்டின் கோணமும் கூடியிருக்கும், ரப்பர் பூட் சீக்கிரம் கிழியும், கிழிந்த பூட்டுக்குள் செம்மண் சேறு போனால் அந்த ஜாயிண்ட்டின் ஆயுள் அவ்வளவுதான்.

போல்ட் முழுக்க இறுகியும் உயரம் வரவில்லை என்றால் கம்பியே சோர்ந்திருக்கலாம், அல்லது யாரோ கழற்றி மாட்டும்போது பல்லை மாற்றிப் போட்டிருக்கலாம். கம்பியைக் கழற்றுவதாக இருந்தால் இடது வலது எது என்று குறித்து வையுங்கள், மாற்றிப் போடக்கூடாது.

சுருள் ஸ்பிரிங் உள்ள வண்டிகளில், அதாவது வீகோ, ரேவோ ஹைலக்ஸ்கள், புதிய டி-மேக்ஸ், ட்ரைட்டன், டி6 ரேஞ்சர் போன்றவற்றில், சுற்றுவதற்கு போல்ட் கிடையாது. இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, உங்கள் எடைக்கேற்ற ஸ்பிரிங்கே வாங்கிப் போடுவது, இதுதான் சரியான வழி. மற்றது, ஸ்ட்ரட்டின், அதாவது சுருளும் அப்சோர்பரும் சேர்ந்த தண்டின், மேல் ஒரு வளையம் வைப்பது. வளையம் மலிவு, அதனால் எல்லோரும் அதைக் கேட்கிறார்கள். ஸ்ட்ரட் கீழ்க்கையின் நடுவில் உட்கார்ந்திருப்பதால் 25 மில்லிமீட்டர் வளையம் வைத்தால் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரும். தெரியாமல் 50 மில்லிமீட்டர் வளையம் வாங்கி வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஐம்பதுக்கு மேல் உயர்த்துவதாக இருந்தால் மேல்கையையும் மாற்ற வேண்டிவரும், இல்லாவிட்டால் அலைன்மெண்ட் கடையில் கேஸ்டர், அதாவது ஸ்டீயரிங் அச்சின் முன்பின் சாய்வு, சரியான அளவுக்கு வராது.

ஸ்ட்ரட்டின் உச்சியில் நடுவே இருக்கும் நட்டை ஸ்பிரிங் கம்ப்ரெஸர் மாட்டாமல் கழற்றாதீர்கள். அந்தச் சுருள் அடைபட்ட பலத்தோடு வெளியே வரும், கையோ முகமோ எதிரே இருந்தால் அவ்வளவுதான். கம்ப்ரெஸர் இல்லையென்றால் ஸ்ட்ரட்டை முழுசாகக் கழற்றி ஈப்போவில் வசதியுள்ள கடையில் கொடுத்து மாற்றிக்கொண்டு வாருங்கள், கூலி பெரிதாக ஆகாது.

பின்பக்கம்

பின்னால் பெரும்பாலும் பட்டை ஸ்பிரிங், அதாவது வளைந்த இரும்புப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது. நவாரா என்பி300-ன் இரட்டை கேபின் வண்டிகளில் சுருள் இருக்கும், மற்றபடி தோட்ட வண்டி என்றாலே பட்டைதான். இங்கே உயர்த்தப் பல குறுக்கு வழிகள். பட்டறையில் பட்டையை அடித்து வளைத்துத் தருவார்கள், சில மாதம் நிமிர்ந்து நிற்கும், அப்புறம் மறுபடி படுத்துவிடும். பட்டையின் முனையைச் சேசிஸில் தொங்கவிடும் ஷேக்கிளை நீளமானதாகப் போட்டால் நீளத்தில் கூடிய அளவில் பாதிதான் உயரம் கிடைக்கும், 50 கூடினால் 25. அதோடு அச்சின் கோணம் திரும்பி புரொபெல்லர் தண்டில் அதிர்வு வரும். அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைப்பது இன்னொரு வழி, ஒரே கட்டையாக, நடு முளை சரியாக உட்காரும்படி இருந்தால் தாங்கும். ஆனால் கட்டைமேல் கட்டை அடுக்கியதைப் பார்த்திருக்கிறேன், அந்த வண்டிக்குப் பின்னால் ஓட்டிப்போகவே எனக்குப் பயம்.

ஒரு பட்டை கூட்டிச் சேர்ப்பது நடுத்தர வழி. சுமை எப்போதும் இருக்கிறவர்களுக்கு அது பொருந்தும். பட்டைகள் பழையவை, துரு ஏறிப் பொருக்குப் பொருக்காக உரிகின்றன என்றால் புதிதாக ஒன்றைச் சேர்ப்பதில் பிரயோசனம் இல்லை, முழுச் செட்டையே மாற்றுங்கள். ஆஸ்திரேலியக் கம்பெனிகளின் செட்டுகள் நிரந்தரச் சுமை எத்தனை கிலோ என்று பிரித்தே விற்கப்படுகின்றன: வெறும் வண்டிக்கு ஒன்று, 300 கிலோவுக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று. இங்கேதான் ஆசை வரும். பெரியதாகவே வாங்கிவைத்துவிடலாம் என்று 500 கிலோ பட்டையை வெறும் வண்டியில் போட்டால், மழை பெய்த ரோட்டில் வளைவில் பின்பக்கம் தத்தித் தத்தி வெளியே போகும். சுமைக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, மிக அதிகமாக வேண்டாம்.

அப்சோர்பர் எப்போது போச்சு

பம்பரை அமுக்கிவிட்டு எத்தனை தடவை ஆடுகிறது என்று எண்ணுவது காருக்குச் சரி. பிக்கப்பின் பின்பக்கத்தில் அது பொய் சொல்லும், பட்டைகள் ஒன்றோடொன்று உரசும் உராய்வே ஆட்டத்தை நிறுத்திவிடும். வேறு அடையாளங்களைப் பாருங்கள். உடம்பில் மெல்லிய எண்ணெய்ப் பசை தூசியோடு ஒட்டியிருந்தால் பெரும்பாலும் பரவாயில்லை, வழிந்து கீழ்க்கண் வரை, அதாவது கீழே போல்ட் போகும் துளை வரை, ஈரமாக இருந்தால் போய்விட்டது. டயரை உள்ளங்கையால் சுற்றித் தடவுங்கள், அங்கங்கே மேடு பள்ளமாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் ரோட்டில் குதித்துக்கொண்டு ஓடியிருக்கிறது. எனக்குப் பிடித்த சோதனை இது: வரிவரியாக அலை விழுந்த செம்மண் ரோட்டில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு இறங்கி நாலு அப்சோர்பரையும் பார்த்துத் தொடுங்கள். வேலை செய்கிறது என்றால் சூடாக இருக்கும், ஏனென்றால் ஆட்டத்தை அது வெப்பமாகத்தான் மாற்றுகிறது. மூன்று சுட்டு ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அந்த ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருக்கிறது. மாற்றும்போது ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள், ஜோடியாக மாற்றுங்கள்.

எதை வாங்குவது

கடையில் வகைகள் நிறைய. இரட்டைக் குழாய் வகை மலிவு, வெளிக்குழாயில் கல் அடித்து நசுங்கினாலும் உள்ளே பிஸ்டன் ஓடும் குழாய்க்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. ஒற்றைக் குழாய் வகை சூட்டை வேகமாக வெளியே விடும், நீண்ட தூரம் கெட்ட ரோட்டில் தளராது, ஆனால் பிஸ்டன் அந்த வெளிச்சுவரிலேயே ஓடுவதால் ஒரு பெரிய கல் நசுக்கினால் கதை முடிந்தது. ஃபோம் செல் என்பது இரட்டைக் குழாய்தான், எண்ணெயில் நுரை கட்டாதபடி கேஸுக்குப் பதில் ஒரு நுரைத்துண்டு உள்ளே இருக்கும், தடிமனான உடம்பு, நிறைய எண்ணெய், மெதுவாக ஓடும் சுமை வண்டிக்கு ஏற்றது. தனி டாங்கி தொங்கும் வகை போட்டிப் பந்தய ஆட்களுக்கு. மட்டை குத்தும் செம்பனைப் பாதையில் அதை மாட்டுவது பணத்தைக் காட்டிக்கொள்ளத்தான்.

சுமையும் உயரமும் கம்பெனி அளவிலேயே இருந்தால் கயாபா மார்க்கே போதும், மேலே போக வேண்டியதில்லை. ஸ்பிரிங்கை மாற்றியிருந்தால் ஸ்பிரிங் செய்த கம்பெனியின் அப்சோர்பரையே, ஓல்ட் மேன் ஈமு, அயர்ன்மேன், டஃப் டாக் என்று எதுவானாலும், சேர்த்து வாங்குவது நல்லது, அந்த ஸ்பிரிங்கின் பலத்துக்கு ஏற்றபடி அதைச் செய்திருப்பார்கள். ஒருநாள் வெறும் வண்டி, ஒருநாள் முழுச் சுமை என்று ஓடுகிறவர்களுக்கு ரேஞ்சோ 9000 மாதிரி குமிழைத் திருகி ஒன்பது நிலைகளில் இறுக்கம் மாற்றும் வகை உதவும், குமிழில் சேறு ஏறாமல் பார்த்துக்கொண்டால். பழையதைத் துளைத்து எண்ணெய் மாற்றிப் புதுப் பெயின்ட் அடித்து விற்பதை மட்டும் தொடாதீர்கள்.

மார்க் எது என்பதைவிட நீளம் முக்கியம், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பின்பக்கத்துக்கு இப்படிப் பாருங்கள். வண்டி தரையில் நிற்கும்போது அப்சோர்பரின் மேல்கண் நடுவிலிருந்து கீழ்க்கண் நடு வரை அளங்கள், எடுத்துக்காட்டுக்கு 480 மில்லிமீட்டர் என்று வைப்போம். அச்சின்மேல் இடிதாங்கி ரப்பருக்கும் அது இடிக்கும் இடத்துக்கும் உள்ள இடைவெளி 70. ரப்பர் அமுங்கும் அளவு இன்னொரு 20. மொத்தம் 90, 480-இல் கழித்தால் 390. நீங்கள் வாங்கும் அப்சோர்பர் முழுக்க மூடியிருக்கும்போது 390-க்குக் குறைவாக இருக்க வேண்டும், 375, 380 என்றால் நிம்மதி. இல்லையென்றால் முழுச் சுமையில் ஒரு குழியில் விழும்போது ரப்பர் இடிப்பதற்கு முன் அப்சோர்பர் அடிப்பகுதி இடிக்கும், வால்வு உடையும் அல்லது மேல் பிராக்கெட் கிழியும்.

இப்போது வண்டியை 50 தூக்கினீர்கள் என்று வையுங்கள். 480 என்பது 530 ஆகும், இடைவெளி 70 என்பது 120 ஆகும். கழித்துப் பாருங்கள், மறுபடியும் அதே 390. அதாவது விரிந்த நீளம்தான் கூட வேண்டும், மூடிய நீளம் கூடக்கூடாது. ஆனால் கடையில் "ரெண்டு இஞ்ச் லிஃப்டுக்கு" என்று எடுத்துக்கொடுப்பதில் இரண்டும் சேர்ந்தே கூடியிருக்கும். அப்படிப்பட்டதைப் போட்டால் இடிதாங்கி ரப்பருக்கும் அதே அளவு உயரம் கூட்ட வேண்டும். விரிந்த நீளத்தைப் பார்க்க, சேசிஸைத் தூக்கி அச்சைத் தொங்கவிட்டு, பிரேக் ஹோஸும் ஏபிஎஸ் வயரும் எங்கே இழுபடுகின்றன என்று பாருங்கள், அதற்கு முன் அப்சோர்பர் நிறுத்திவிட வேண்டும்.

மாட்டும்போது

புது அப்சோர்பரைப் பெட்டியில் படுக்கவைத்தே வைத்திருப்பார்கள். இரட்டைக் குழாய் வகையை நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை முழுக்க இழுத்து அமுக்கி உள்ளே இருக்கும் காற்றை வெளியேற்றிவிட்டு மாட்டுங்கள். பளபளக்கும் கம்பியைப் பிளையரால் பிடிக்கவே கூடாது, ஒரு கீறல் விழுந்தால் அந்த வழியாகத்தான் சீல் கிழியும். ஊசிமுனை மாதிரி மேல்பக்கம் மாட்டும் வகையில் ரப்பர் வாஷர் அகலத்துக்கு உப்பும்வரை இறுக்கினால் போதும், நசுக்கிவிடாதீர்கள்.

பட்டை ஸ்பிரிங்கின் கண், ஷேக்கிள், கீழ்க்கை, இவற்றின் போல்ட்களைத் தூக்கி வைத்த நிலையில் கையிறுக்கமாக மட்டும் விடுங்கள். வண்டியைச் சக்கரத்தில் நிறுத்தி, எடை இறங்கிய பிறகுதான் முழு இறுக்கம். தொங்கும் நிலையில் இறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் புஷ் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருக்கும், உயரமும் சரியாக உட்காராது, புஷ்ஷும் சீக்கிரம் கிழியும். பட்டையை அச்சோடு கட்டும் யூ போல்ட்டைப் பழையதையே திரும்பப் போடாதீர்கள், ஒருமுறை நீண்ட மரை மறுபடி அதே பிடி பிடிக்காது. புதியதைப் போட்டு, நாலு நட்டையும் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, சுமையோடு சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடி இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் போட்டுப் பாருங்கள், கட்டாயம் கொஞ்சம் தளர்ந்திருக்கும்.

பின்னால் அச்சுக்கும் சேசிஸுக்கும் நடுவில் ஒரு மெல்லிய கம்பி போய் ஒரு வால்வில் முடிகிறதா என்று பாருங்கள், பழைய ஹைலக்ஸ் போன்ற பல வண்டிகளில் இருக்கும். வண்டி எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதை வைத்துப் பின் பிரேக்குக்கு எவ்வளவு அழுத்தம் விடுவது என்று முடிவு செய்யும் வால்வு அது. பின்பக்கத்தைத் தூக்கிவிட்டு அந்தக் கம்பியைச் சரிசெய்யாமல் விட்டால், நீங்கள் 600 கிலோ ஏற்றியிருந்தாலும் அது வெறும் வண்டி என்றே நினைத்துப் பின் பிரேக்கைக் குறைத்துவிடும். கையேட்டில் உள்ள நீளத்துக்குக் கம்பியை மாற்றி வைக்க வேண்டும், உயர்த்திய வண்டிக்குக் கம்பியின் பிராக்கெட்டையும் தாழ்த்த வேண்டியிருக்கலாம்.

அப்புறம் அலைன்மெண்ட், ஹெட்லைட் உயரம். கம்பெனி உயரத்தைத் தாண்டித் தூக்குவது மாற்றம் செய்த வண்டி என்ற கணக்கில் வரும், ஆகையால் ஸ்பிரிங் வாங்குவதற்கு முன்பே சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிலும் உங்கள் இன்சூரன்ஸ் ஏஜெண்டிடமும் கேட்டுவிடுங்கள், தோட்டத்துப் பெயரில் பதிவான வண்டி என்றால் மேனேஜரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொண்டே கை வையுங்கள்.